பட்டினியை முடிவு செய்யும் சின்ன வரிகள்

1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் அழுகல் நோய் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் பல லட்சம் பேர் கப்பலேறி நாட்டைவிட்டே போனார்கள். இதெல்லாம் பலர் கேள்விப்பட்டதுதான். அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1847-இல், நிவாரணச் சட்டத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எழுதிச் சேர்த்த ஒரு வரி வாசகத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. வில்லியம் கிரெகரி என்ற உறுப்பினர் முன்மொழிந்த வரி அது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பொது நிவாரணம் கிடையாது என்றது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நிலம் உள்ளவனுக்கு எதற்கு இலவச உணவு? ஆனால் அந்த நிலத்தில் விளைந்த பயிர்தான் அழுகிப்போயிருந்தது. ஒரு குடும்பம் உணவு வாங்க வேண்டுமென்றால் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆண்டு விதைக்க இடம் இல்லை, பல இடங்களில் குடியிருக்க வீடும் இல்லை. நிலத்தை விடமாட்டோம் என்று இருந்தவர்களில் பலர் பட்டினியில் செத்தார்கள். விட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். குத்தகைக்காரர்களைக் காலிசெய்யக் காத்திருந்த நிலவுடைமையாளர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. அதே ஆண்டுகளில் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடைகளும் கப்பலில் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன.

பசியைக் குறைக்கும் பொதுக் கொள்கைகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கால் ஏக்கர்தான். கொள்கை என்றதும் பெரிய திட்டம், பெரிய நிதி, தலைவர்களின் அறிவிப்பு என்றுதான் நம் மனம் போகிறது. அவையும் வேண்டும். ஆனால் சாப்பாடு தட்டுக்கு வருமா வராதா என்பது அந்தத் திட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் சின்ன வரிகளில்தான் இருக்கிறது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, எந்தக் காகிதம் கொண்டுவர வேண்டும், எந்தத் தேதிவரை, கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்பது. பசிக்கு எதிராகக் குரல் கொடுப்பது என்றால் இந்த வரிகளுக்காகச் சண்டை போடுவது என்று நான் நினைக்கிறேன். அதைத்தான் இங்கே விளக்கிச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பசி என்பது உணவுப் பற்றாக்குறை இல்லை. 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் இதைத்தான் நிறுவினார். அவருடைய கணக்குப்படி அந்த ஆண்டு வங்காளத்தில் இருந்த உணவு, பஞ்சமே இல்லாத 1941-இல் இருந்ததைவிடக் குறைவில்லை. ஆனாலும் சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அவர் மதிப்பீடு. போர்க்காலச் செலவால் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது, கூலி ஏறவில்லை. நிலமற்ற கூலிகளும் மீனவர்களும்தான் அதிகம் மடிந்தார்கள். கல்கத்தாவின் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் அரிசி கிடைத்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் அவர்களுக்கு என்று ஓர் ஏற்பாடு இருந்தது. கிராமத்துக் கூலிக்கு அப்படி எதுவும் இல்லை.

இன்றைய நிலவரமும் அடிப்படையில் இதுதான். ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி 2024-இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள். 2022-இல் வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் வீணான உணவு 105 கோடி டன். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீணாவதை எடுத்துப் பசித்தவருக்குக் கொடுத்தால் போதுமே என்று பலர் சொல்வார்கள். மிஞ்சியதைத் திரட்டிக் கொடுப்பது நல்ல காரியம்தான், அதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் ஒருவர் கையில் பணம் இல்லாததாலோ, கடை தொலைவில் இருப்பதாலோ, வேலை முடிந்து வருவதற்குள் எல்லாம் மூடிவிடுவதாலோ பசித்திருக்கிறார் என்றால், இன்னொருவர் வீட்டில் மிஞ்சிய உணவு அவருடைய பிரச்சினையை எப்படித் தீர்க்கும்?

நான் நீண்ட காலம் உணவு வழங்கும் குழுக்களோடு இருந்தவன். இப்போதும் இருக்கிறேன். அங்கே கவனித்துப் பார்த்தால் சில விஷயங்கள் தானாகவே புலப்படும். மாதத்தின் முதல் வாரத்தில் வரிசை குட்டையாக இருக்கும், கடைசி வாரத்தில் நீளும். அதாவது வருபவர்களில் பெரும்பாலோர் சம்பாதிப்பவர்கள். சம்பளம் மாதக் கடைசிவரை போதுவதில்லை, அவ்வளவுதான். பள்ளி விடுமுறைக் காலத்தில் குழந்தைகளோடு வருபவர்கள் கூடுவார்கள். பள்ளியில் கிடைத்த ஒரு வேளை நின்றுபோய்விட்டது என்று அதற்கு அர்த்தம். வாடகை ஏறினாலோ, வீட்டில் ஒருவர் நோயில் படுத்தாலோ அடுத்த சில வாரங்களில் புதுமுகங்கள் தெரியும். வரிசையைப் பார்த்தே பொருளாதாரம் படிக்கலாம். ஆனால் அந்த வரிசையின் நீளத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எங்கள் கையில் இல்லை. சம்பளத்தையும் வாடகையையும் பள்ளி நாட்காட்டியையும் முடிவு செய்கிறவர்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எங்களிடம் உணவு வாங்க வருபவர் எங்களிடம் புகார் சொல்ல முடியாது. இன்று தீர்ந்துபோயிற்று என்று சொன்னால் தலையசைத்துவிட்டுப் போவார். நன்றிகூடச் சொல்வார். உரிமையாக வரும் உணவு அப்படி இல்லை. அது வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கோபமாகக் கேட்கலாம், எழுதிக் கொடுக்கலாம், வழக்குப் போடலாம். நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஒருவர் சாப்பிட வேண்டும் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதை எந்தத் தொண்டு நிறுவனமும் தந்துவிட முடியாது, சட்டம்தான் தர முடியும்.

சரி, சட்டம் வந்துவிட்டால் போதுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அமெரிக்காவில் 1964-இல் உணவுக் கூப்பன் திட்டம் நிரந்தரச் சட்டமானது. ஏழைக் குடும்பங்கள் கூப்பனைக் கொடுத்துக் கடையில் உணவு வாங்கலாம். ஆனால் கூப்பன் சும்மா கிடைக்காது. குடும்பம் முதலில் ஒரு தொகையைக் கட்ட வேண்டும், கட்டிய தொகையைவிட அதிக மதிப்புள்ள கூப்பன் கையில் வரும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது லாபம்தான். ஆனால் அந்த முதல் தொகையை மொத்தமாக எடுத்து வைக்க யாரால் முடியும்? அன்றாடம் கூலி வாங்குபவரால் முடியாது. அதனால் திட்டம் யாருக்காக வந்ததோ அவர்களில் மிகவும் ஏழைகளே வெளியே நின்றார்கள். 1967-இல் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைப் பார்வையிடச் சென்ற செனட்டர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும், கையில் பணமே புழங்காத குடும்பங்களை அங்கே நேரில் பார்த்தார்கள். அந்தக் கட்டண விதியை நீக்கப் பத்தாண்டு போராட்டம் தேவைப்பட்டது. 1977-இல் சட்டம் திருத்தப்பட்டது, 1979 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரே மாதத்தில், முந்தைய மாதத்தைவிட 15 லட்சம் பேர் கூடுதலாகத் திட்டத்துக்குள் வந்தார்கள்.

உணவின் விளைச்சல் அந்த மாதத்தில் ஒன்றும் கூடவில்லை. ஏழைகளின் மனமும் மாறவில்லை. ஒரு வரி எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். அந்த 15 லட்சம் பேரும் அதற்கு முந்தைய மாதங்களில் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் பதறுகிறது.

இப்படிப்பட்ட வரிகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. நிரந்தர முகவரிச் சான்று வேண்டும் என்பார்கள், வாடகை ஒப்பந்தமே எழுதாத வீட்டில் இருப்பவர் அதற்கு எங்கே போவார்? கைரேகை பதிய வேண்டும் என்பார்கள், வாழ்நாளெல்லாம் கல்லும் மண்ணும் சுமந்தவரின் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்வார்கள், வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி மகனோடு வேலைக்குப் போயிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்வார்கள், அதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

ஒருமுறை வயதான ஒரு பெண்ணோடு ஓர் அலுவலகத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். அவருடைய பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்தது. ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இரண்டையும் எழுதியது அரசு ஊழியர்கள்தான். ஆனால் இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. முத்திரைத்தாளில் உறுதிமொழி வாங்கி வரச் சொன்னார்கள். சாளரத்தில் இருந்தவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, தணிவாகத்தான் பேசினார். எழுதியிருக்கும் விதியை மீறி அவரால் எதுவும் செய்ய முடியாது, மீறினால் அவர் வேலைக்கு ஆபத்து. அந்தப் பெண் வெளியே வந்ததும் என்னிடம், "விடுங்க தம்பி, எனக்கு எவ்வளவு வயிறு இருக்கப்போவுது" என்றார். அவர் மறுபடி அங்கே போக மறுத்துவிட்டார். அந்த அலுவலகத்தின் கணக்கில் அவர் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக்கூட இருக்காது. முழுமையற்ற விண்ணப்பம் என்று இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்தவரை முழு விவாதத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. எந்த உணவுத் திட்டத்திலும் இரண்டு வகைப் பிழைகள் நேரும். தேவையில்லாதவருக்குக் கிடைத்துவிடுவது ஒன்று. தேவையானவருக்குக் கிடைக்காமல் போவது இன்னொன்று. முதல் பிழை செய்தியாகும். காரில் வந்து இலவச உணவு வாங்கினார் என்று படத்தோடு வரும், சட்டசபையில் கேள்வி எழும். இரண்டாவது பிழைக்குப் படமே கிடையாது. வராதவரை யார் படமெடுப்பது? அதனால் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் முதல் பிழைக்கே பயந்து விதி எழுதுகிறார்கள். ஒவ்வொரு முறை மோசடிச் செய்தி வரும்போதும் இன்னொரு சான்றிதழ் கூடுகிறது. ஒவ்வொரு சான்றிதழும் சில மோசடிக்காரர்களை நிறுத்தும், கூடவே எத்தனையோ முதியவர்களையும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களையும் தனித்து வாழும் பெண்களையும் நிறுத்தும். மோசடிக்காரருக்குக் காகிதம் தயாரிக்கத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது.

இந்தியாவின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 1997-இல் நாட்டின் பொது விநியோகத் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று மக்களைப் பிரித்தது. பணம் வீணாகாமல் உண்மையான ஏழைக்குப் போய்ச் சேரட்டும் என்பது நோக்கம். கணக்கெடுப்பில் பெயர் விடுபட்ட ஏழைகள் ஏராளம். கோட்டுக்கு மேல் என்று எழுதப்பட்டவர்கள் மெல்ல மெல்லக் கடையை விட்டே விலகினார்கள். குரல் கொடுக்கத் தெரிந்தவர்கள் விலகியதும் அந்தக் கடையில் தரம் குறைந்தாலும் எடை குறைந்தாலும் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. பிரிக்காமல் எல்லாருக்கும் என்றே வைத்திருந்த தமிழ்நாட்டில் கடைகள் ஒப்பீட்டளவில் நன்றாக ஓடின. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமப்புறத்தில் 75 சதவீதம் பேர்வரையும் நகரத்தில் 50 சதவீதம் பேர்வரையும் உள்ளே கொண்டுவந்தது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த எண்ணிக்கையை 2011 மக்கள்தொகைக் கணக்கில் கட்டிப்போட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளும் தனிக்குடித்தனம் வந்த குடும்பங்களும் ஒதுக்கீட்டுக்கு வெளியே காத்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் ஜான் டிரேஸும் ரீத்திகா கேராவும் 2020-இல் கணக்கிட்டபோது இப்படி விடுபட்டவர்கள் 10 கோடிக்கு மேல் இருந்தார்கள். எந்த ஆண்டுக் கணக்கு என்ற ஒரே ஒரு குறிப்பில் 10 கோடிப் பேர்!

பின்லாந்து 1943-இல் ஒரு சட்டம் போட்டு, ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து, 1948 முதல் பள்ளிக் குழந்தைகள் எல்லாருக்கும் இலவச உணவு தந்தது. போரில் அடிபட்டு, இழப்பீடு கட்டிக்கொண்டிருந்த ஏழை நாடு அது அப்போது. யார் ஏழைக் குழந்தை என்று பிரித்துப் பார்க்கும் வேலையையே அது எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. எந்தக் குழந்தையும் தன் தட்டைக் கண்டு கூச்சப்பட வேண்டியதில்லை. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏன் இலவசம் என்று கேட்டால் என் பதில் இதுதான்: அவர்களிடம் வரியாக வாங்கிக்கொள்ளுங்கள். பணக்காரரைக் கண்டுபிடிக்க வருமானவரி அலுவலகம் இருக்கிறது. அந்த வேலையைப் பள்ளிச் சமையலறை வாசலில் வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கு, கருவுற்ற பெண்ணுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்தான். அப்படிப் பிரிக்கும்போது, நிரூபிக்கும் சுமையை அரசு சுமக்கட்டும். ஏற்கெனவே அரசின் ஒரு கையில் இருக்கும் தகவலை இன்னொரு கைக்குக் கொண்டுபோகப் பசித்தவரை அலைக்கழிக்க வேண்டாம்.

அப்புறம், இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நகரத்தைக் காட்ட விரும்புகிறேன். பிரேசிலின் பெலோ ஒரிசான்டே. 1993-இல் மேயராக வந்த பாத்ருஸ் அனானியாஸ், உணவு ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று அறிவித்தார். அறிவித்ததோடு நிற்காமல் அதற்கென்று நகராட்சியில் ஒரு தனித் துறையையே உருவாக்கினார். இது அலுப்பூட்டும் நிர்வாகச் செய்தி போலத் தெரியலாம், ஆனால் எனக்கு அந்த நகரத்தின் கதையிலேயே மிக முக்கியமான பகுதி இதுதான். வழக்கமாகப் பசி யாருடைய துறையும் இல்லை. பள்ளி உணவு கல்வித் துறையில், சத்துமாவு சுகாதாரத்தில், சந்தை வணிகத்தில், விளைச்சல் வேளாண்மையில் இருக்கும். ஒருவரிடம் கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டுவார். அங்கே கேள்வி கேட்பதற்கு ஒரே கதவு வந்தது. அந்தத் துறை, சிறு விவசாயிகள் நகருக்குள் நேரடியாக விற்க இடம் கொடுத்தது. முக்கியமான காய்கனிகளைக் கட்டுப்பாட்டு விலையில் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கடைக்காரர்களுக்கு நல்ல இடங்களை ஒதுக்கியது. மக்கள் உணவகங்களைத் திறந்தது. அந்த உணவகங்களில் யாரும் எந்தச் சான்றும் காட்ட வேண்டாம். தெருவில் வாழ்பவரும் வங்கி ஊழியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதற்கெல்லாம் ஆன செலவு நகராட்சி வரவுசெலவில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

பிரேசில் முழுவதற்கும் இந்த அனுபவம் வழிகாட்டியானது. 2003-இல் அதிபர் லூலா பசி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கினார். உணவு மற்றும் ஊட்டச்சத்துப் பாதுகாப்புக்கான தேசிய மன்றம் மீண்டும் உயிர்பெற்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் மக்கள் அமைப்புகளிலிருந்து வந்தவர்கள், ஒரு பங்குதான் அரசு. 2009-இல் வந்த சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளிடமே செலவிட வேண்டும் என்றது. ஒரே பணம் பள்ளியில் ஒரு குழந்தையின் பசியையும் கிராமத்தில் அதை விளைவித்தவர் வீட்டுப் பசியையும் போக்கியது. 2010-இல் உணவு உரிமை அரசியலமைப்பில் ஏறியது. 2014-இல் பிரேசில் ஐக்கிய நாடுகளின் பசி வரைபடத்திலிருந்து நீங்கியது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 2019 ஜனவரி 1 அன்று பதவியேற்ற புதிய அதிபர் பொல்சொனாரோ, அந்த முதல் நாளிலேயே போட்ட ஆணையில் அந்தத் தேசிய மன்றம் காணாமல் போயிற்று. பல நகரங்களில் மக்கள் பொது இடத்தில் சமைத்து, எல்லாரையும் உட்காரவைத்துப் பரிமாறி எதிர்ப்புக் காட்டினார்கள். பயனில்லை. அப்புறம் பெருந்தொற்று வந்தது. 2022-இல் எடுத்த ஆய்வில் சுமார் 3.3 கோடிப் பேர் பட்டினியில் இருந்தார்கள். 2023-இல் மன்றம் திரும்பியது, திட்டங்கள் திரும்பின, 2025-இல் நாடு மறுபடி பசி வரைபடத்திலிருந்து நீங்கியது. மண்ணும் மழையும் மாறாமலே ஒரு நாடு பதினோரு ஆண்டுகளில் பசியிலிருந்து மீண்டு, பசிக்குள் விழுந்து, மறுபடி மீண்டிருக்கிறது. பெருந்தொற்றுக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் வருவதற்கு முன்பே கரையை உடைத்து வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் இதைவிடச் சுருக்கமாக ஒன்று நடந்தது. 2021-இல் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கான வரிச்சலுகையை விரிவாக்கி, ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் பணமாகவே அனுப்பினார்கள். அதற்கு முன் வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களுக்கு முழுத் தொகை கிடையாது. அந்தத் தடையையும் எடுத்தார்கள். சலுகைகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீட்டின்படி அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. சட்டத்தில் ஓராண்டு என்று எழுதியிருந்தது, நீட்டிக்கவில்லை. 2022-இல் அது 12.4 சதவீதம். எனவே ஒரு நல்ல திட்டம் அறிவிக்கப்படும்போது நான் முதலில் தேடுவது அதன் கடைசித் தேதியை.

நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் கேட்டு இதெல்லாம் மாறுமா? மாறியிருக்கிறது. 2001-இல் இந்தியாவில் அரசுக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்திருக்க, வறட்சியால் ராஜஸ்தான் கிராமங்கள் பட்டினி கிடந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால உத்தரவு, ஏற்கெனவே இருந்த எட்டு அரசுத் திட்டங்களைச் சட்டப்படியான உரிமைகளாக்கியது. அதுவரை அரசு விரும்பினால் கொடுக்கலாம் என்று இருந்தது, கொடுத்தே ஆக வேண்டும் என்றானது. பள்ளியில் சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரி, ஆண்டுக்கு 200 நாள் என்று அளவோடு எழுதியது. அந்த எண்கள்தான் பலம். நல்ல உணவு தருக என்று சொன்னால் யாரும் கணக்குக் கேட்க முடியாது. 200 நாள் என்று சொன்னால் ஒரு தாய் விரல்விட்டு எண்ணிக் கேட்கலாம்.

2020-இல் இங்கிலாந்தில், கோடை விடுமுறையிலும் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி உணவுச் சீட்டு வேண்டும் என்று கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல் எழுதினார். தன் சொந்தச் சிறுவயதுப் பசியை அதில் மறைக்கவில்லை. அடுத்த நாளே அரசு இறங்கி வந்தது. சுமார் 13 லட்சம் குழந்தைகள் பயன்பெற்றார்கள். புகழ் பெற்றவர் கேட்டார், கிடைத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கேட்டது என்ன என்று பாருங்கள். பசியை ஒழியுங்கள் என்று கேட்கவில்லை. இந்த ஆறு வாரம் விடுமுறையில் நின்றுபோகும் இந்தச் சீட்டைத் தொடருங்கள் என்று கேட்டார். அமைச்சரால் யோசிப்போம் என்று நழுவ முடியாத கேள்வி அது.

ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பின் தோழர்கள் புகழ் இல்லாமலே இதைச் செய்தார்கள். 1994 டிசம்பரில் அவர்கள் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். அரசுப் பணிகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயர், இறந்தவர் பெயர், கொடுக்காத கூலிக்குக் கையெழுத்து எல்லாம் எல்லார் காதிலும் விழுந்தன. அந்தப் போராட்டம் வளர்ந்துதான் 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. உணவுத் திட்டங்களில் இன்று சமூகத் தணிக்கை என்று சொல்வதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. பட்டியலைக் கேட்டு வாங்கி, சம்பந்தப்பட்டவர்கள் முன்னால் படிப்பது. இதைவிடக் கூர்மையான ஆயுதம் எதையும் நான் பார்த்ததில்லை.

நான் கலந்துகொண்ட கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கும். தொண்டு அமைப்பினர் எத்தனை பேருக்கு உணவு கொடுத்தோம் என்று சொல்வார்கள், அதிகாரிகள் பாராட்டுவார்கள், ஒரு குழுப் படம் எடுப்பார்கள். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம், எந்த விதியால் அனுப்பினோம் என்ற கணக்கு மேசைக்கு வருவதே இல்லை. உணவு வழங்கும் குழுவில் இருப்பவர்கள் இந்த ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அரசுத் திட்டம் இருந்தும் ஒருவர் உங்கள் வரிசையில் ஏன் நிற்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம், காரணம் போதும். சில மாதங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதுதான் நீங்கள் மாற்றக் கேட்க வேண்டிய வரி. அந்த வரியின் இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். வரவுசெலவுத் திட்டம் தயாராவதற்குச் சில மாதங்கள் முன்பே போங்கள், அறிவித்தபின் போனால் ஆறுதல்தான் கிடைக்கும்.

அப்புறம் யார் பேசுவது என்பது. பசியோடு வாழ்பவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துவந்து கண்ணீர்க் கதை சொல்லவைத்து, முடிவெடுக்கும்போது வெளியே உட்காரவைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது அவமதிப்பு. எந்த நேரத்தில் கடை திறக்க வேண்டும், எந்தச் சான்று கையில் இருக்காது, எந்தப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்க முடியாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். விதி எழுதும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். அதற்கு முதலில் கூட்டத்தை வேலைநாள் காலை 11 மணிக்கு வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். மாலையில் வைக்கட்டும். வந்துபோகும் செலவும் அன்று இழக்கும் கூலியும் கொடுக்கட்டும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கட்டும். போன கூட்டத்தில் கேட்டவற்றில் எவை நிறைவேறின, எவை இல்லை என்று அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரவில்லையென்றால் அன்றைய கூட்டத்தின் முதல் கேள்வியாக அதையே வையுங்கள்.